பின்னணி மங்கினால் போதுமா? ராமநாதபுரம் கடற்கரையில் டெப்த் ஆஃப் ஃபீல்டு கற்க ஒரு முழு வழிகாட்டி

புதிதாக கேமரா வாங்குகிறவர்கள் அடுத்து வாங்கும் லென்ஸ் பெரும்பாலும் 50 மி.மீ. எஃப் 1.8 தான். விலை குறைவு, எடை குறைவு, பின்னணி மொத்தமாக மங்கி முகம் மட்டும் பளிச்சென்று நிற்கும். அதை மாட்டிக்கொண்டு தனுஷ்கோடிக்கு வந்து, அரிச்சல்முனையில் மனைவியையோ நண்பனையோ நிற்கவைத்து, இருப்பதிலேயே சின்ன எஃப் எண்ணில் (லென்ஸின் ஓட்டை எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் எண்) தட்டிவிட்டு, ஊருக்குப் போய் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் முகத்துக்குப் பின்னால் மேலே வெளிர்நீலம், கீழே கொஞ்சம் அழுத்தமான நீலம். அவ்வளவுதான். மெரினாவில் எடுத்தாலும் இப்படித்தான் வந்திருக்கும், ஸ்டுடியோவில் நீலத் துணி கட்டி எடுத்தாலும் இப்படித்தான் வந்திருக்கும்.

என் கட்சி எளிமையானது. படத்தில் எது தொடங்கி எது வரை தெளிவாக இருக்க வேண்டும் என்பதை (டெப்த் ஆஃப் ஃபீல்டு என்பது இந்தத் தெளிவின் ஆழம்தான்) முதலில் முடிவு செய்யுங்கள், எஃப் எண்ணை அதற்கு அப்புறம் தொடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: எண்ணை வைத்துவிட்டு, கிடைத்த தெளிவை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இதைக் கற்க ராமநாதபுரம் கரை ரொம்பத் தோதான இடம். தரை தட்டை, மறைப்பு கிடையாது. காலடியில் சிப்பி, நாலடி தள்ளி வலை, அதற்கப்பால் வள்ளம், அப்பால் பனை வரிசை, கடைசியில் அடிவானம் என்று எல்லாத் தூரமும் ஒரே பார்வையில் கிடைக்கும். நின்றுகொண்டு பார்க்கும் ஒருவருக்கு அடிவானமே சுமார் நாலரை கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் இதே தட்டைத் தரைதான் அஜாக்கிரதையாக எடுப்பவர்களைக் கவிழ்த்தும் விடுகிறது. நகரத்தில் பின்னணி மங்கினாலும் விளக்கு, ஜன்னல், மரம் என்று ஏதாவது உருவம் மிஞ்சும். இங்கே மங்கினால் மிஞ்சுவது வெறும் நிறம்.

லென்ஸுக்குள் என்ன நடக்கிறது

லென்ஸ் எப்போதுமே ஒரே ஒரு தூரத்தில்தான் சரியாக ஃபோகஸ் ஆகும். 3 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால், அந்த 3 மீட்டரில் இருக்கும் ஒரு புள்ளி சென்சாரிலும் புள்ளியாக விழும். அதற்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் புள்ளி ஒரு சிறு வட்டமாக விழும். விலக விலக வட்டம் பெருக்கும். ஆனால் ரொம்பச் சிறிய வட்டத்தை நம் கண் புள்ளி என்றே எடுத்துக்கொள்கிறது. அப்படிக் கண் ஏமாறுகிற தூர அளவு எதுவோ அதுதான் டெப்த் ஆஃப் ஃபீல்டு. கணக்குப் போடும்போது இந்த வட்டத்தின் வரம்பை ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவுக்கு 0.03 மி.மீ. என்றும், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 0.02 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வது வழக்கம். இந்தக் கட்டுரையில் வரும் எண்களெல்லாம் ஏபிஎஸ்-சிக்குப் போட்டவை, ஏனென்றால் நம்மில் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது அதுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, தெளிவுக்கும் மங்கலுக்கும் நடுவில் சுவர் எதுவும் எழுப்பியிருக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மங்கும். இரண்டு, படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கிறோம் என்பதும் கணக்கில் சேரும். போனில் கத்தி மாதிரித் தெரிந்த படத்தை சுவரில் மாட்டும் அளவுக்கு பிரிண்ட் போட்டு அருகில் நின்று பார்த்தால், ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல் என்பது அப்போதுதான் தெரியவரும்.

அப்பர்ச்சர் ஓட்டை சிறிதாக இருந்தால் உள்ளே வரும் ஒளிக்கதிர்கள் குறுகலாக வரும், வட்டங்களும் சிறிதாக விழும். கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தூரத்து பஸ் போர்டு கொஞ்சம் தெரிகிறதே, அதே காரணம்தான். எஃப் எண் என்பது ஃபோக்கல் லெங்த்தை (50 மி.மீ., 18 மி.மீ. என்று லென்ஸில் எழுதியிருக்கும் எண்) ஓட்டையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் ஓட்டை சுமார் 28 மி.மீ., எஃப் 8 என்றால் 6 மி.மீ.யும் சில்லறையும். எண் பெரிதானால் ஓட்டை ஏன் சிறிதாகிறது என்ற குழப்பம் இதோடு தீர்ந்தது.

படி 1: முதல் பொருள், கடைசிப் பொருள்

கேமராவை கண்ணுக்குக் கொண்டுபோகுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: படத்தில் தெளிவாக இருந்தே ஆக வேண்டியவற்றில் எனக்கு மிக அருகில் இருப்பது எது, மிகத் தொலைவில் இருப்பது எது?

பாம்பன் வடகடல் கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கிறவா?" என்று கேட்டேன். தலை நிமிராமலே, "எடுங்க தம்பி, வலையும் சேந்து விழணும்ல" என்றார். காலை நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த கண்களை நைலான் நூல் சுற்றிய ஊசியால் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். என்னிடமிருந்து அவர் முகம் 2 மீட்டர். ஊசி பிடித்த கை 1.6 மீட்டர். பின்னால் ஆறேழு மீட்டரில் அவருடைய வள்ளம், அதன் முன்பக்கமான அணியத்தில் புதுப் பெயின்ட்.

இப்போது கணக்குப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, கண்ணில் ஃபோகஸ். தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே சுமார் 11 செ.மீ. முகம் தேறும், கை போய்விடும், வலை ஒரு பச்சைப் புகையாகிவிடும். அவர் கேட்டதே வலையைத்தான். எஃப் 8-க்கு மாற்றி அதே கண்ணில் ஃபோகஸ் வைத்தாலும் தெளிவு 1.78 மீட்டரில்தான் தொடங்குகிறது, கை இன்னும் வெளியே. ஃபோகஸை முகத்துக்கும் கைக்கும் நடுவே 1.8 மீட்டருக்கு இழுத்தால் 1.62 முதல் 2.03 வரை தெளிவு, இழுபறியாக ஒப்பேறும். எஃப் 11 வைத்தால் 1.56 முதல் 2.12 வரை, நிம்மதி. வள்ளம் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் வள்ளம் என்று தெரியும். அந்தப் படத்துக்கு அது போதும்.

படி 2: லென்ஸைத் தொடுமுன் காலை நகர்த்துங்கள்

டெப்த் ஆஃப் ஃபீல்டு என்றாலே எல்லாரும் அப்பர்ச்சரைத்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் தூரத்துக்குத்தான் முதல் மரியாதை. தூரம் இரட்டிப்பானால் ஆழம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். அதே 50 மி.மீ., அதே எஃப் 1.8: 1 மீட்டரில் ஆழம் 3 செ.மீ. கூட இல்லை, 2 மீட்டரில் 11 செ.மீ., 4 மீட்டரில் 45 செ.மீ. அப்பர்ச்சரில் நான்கு மடங்கு வேண்டுமானால் எஃப் 2-இலிருந்து எஃப் 8 வரை போக வேண்டும், வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். நாலு எட்டு பின்னால் வைப்பதற்கு காசா பணமா?

மேலே சொன்ன வலைக்காரரையே 3 மீட்டரிலிருந்து எஃப் 8-இல் எடுத்தால் தெளிவு 2.5 மீட்டரிலிருந்து 3.7 மீட்டர் வரை. கண்ணில் ஃபோகஸ் வைத்தாலே கையும் வலையும் உள்ளே வந்துவிடும். ஆள் சிறிதாகத் தெரிவாரே என்றால், அப்புறம் கிராப் செய்துகொள்ளலாம். கிராப் செய்யும்போது மங்கலும் சேர்ந்து பெரிதாகும் என்பதால் லாபத்தில் ஒரு பகுதி போய்விடும், நான்கு மடங்கு இரண்டு மடங்காகக் குறையும். இருந்தாலும் லாபம் லாபம்தான்.

பின்னணி நன்றாக மங்க வேண்டும் என்றால் இதையே திருப்பிப் போடுங்கள். நீங்கள் ஆளை நெருங்குங்கள், ஆளைப் பின்னணியிலிருந்து விலக்குங்கள். சுவரில் சாய்ந்து நிற்கிறவருக்குப் பின்னால் எந்த லென்ஸாலும் அந்தச் சுவரைக் கரைக்க முடியாது. அவரை ஐந்து மீட்டர் முன்னால் வரச் சொன்னால் கேமராவோடு வரும் கிட் லென்ஸில்கூடக் கரையும்.

படி 3: எந்த ஃபோக்கல் லெங்த்

நீள லென்ஸ் என்றால் ஆழம் குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். நின்ற இடத்திலேயே நின்று லென்ஸை மட்டும் மாற்றினால் உண்மைதான். ஆனால் ஆள் ஃபிரேமில் அதே அளவு இருக்கும்படி நகர்ந்துகொண்டால் கதை வேறு. 50 மி.மீ.யில் 2 மீட்டரிலிருந்தும், 100 மி.மீ.யில் 4 மீட்டரிலிருந்தும், ஒரே எஃப் எண்ணில் எடுத்தால் ஆளைச் சுற்றியுள்ள தெளிவின் ஆழம் ஏறக்குறைய ஒன்றேதான். பின்னே ஏன் 100 மி.மீ. படத்தில் பின்னணி கூடுதலாக மங்கியது போல இருக்கிறது? பின்னணி இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிகிறது, அதனால் அதன் மங்கலும் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிகிறது.

பாம்பன் கரையில் இதைச் சோதித்துப் பாருங்கள். நண்பரை நிறுத்தி, பின்னால் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் வரும்படி வையுங்கள். நீள லென்ஸில் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியின் கோபுரங்கள் அவர் தலைக்குப் பின்னால் பெரிய உருவமாக எழுந்து நிற்கும், சில தூண்களுக்கு மேல் ஃபிரேமில் அடங்காது. 24 மி.மீ.யில் பாலம் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெல்லிய கோடாக ஓடும், கடலும் வானமும் ஏராளமாக வரும். மங்கலின் அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், பின்னணியில் எவ்வளவு இடம் வேண்டும் என்பதை வைத்து லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: எஃப் எண், கூடவே வெளிச்சம்

கேமராவை ஏ அல்லது ஏவி மோடில் வையுங்கள். எஃப் எண் உங்கள் கையில், ஷட்டரை கேமரா பார்த்துக்கொள்ளும். முழு மேனுவலில்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடு எனக்குத் தகராறு இல்லை, ஆனால் ஆழத்தைக் கற்றுக்கொள்ளும்போது எஃப் எண், ஷட்டர், ஐஎஸ்ஓ என்ற மூன்று திருகையும் ஒன்றாகத் திருகிக்கொண்டிருந்தால் எது எதைச் செய்தது என்றே தெரியாது.

இங்கே வெயில் ஒரு வில்லங்கம். நல்ல வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ (ஒளிக்கு சென்சார் காட்டும் உணர்திறன்) 100 வைத்தால் ஷட்டர் 1/100 நொடி என்பது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு, இன்றும் சரியாக வரும். அதே வெளிச்சத்தில் எஃப் 1.8 என்றால் ஷட்டர் 1/8000 அளவுக்குப் போக வேண்டும். வெள்ளை மணலும் தண்ணீரும் திருப்பி அடிக்கும் ஒளியைச் சேர்த்தால் அதற்கும் மேல். ஆரம்பநிலை கேமராக்கள் பலவற்றில் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000-உடன் நின்றுவிடும், படம் வெளுத்துவிடும். இதற்கு ஒளியைக் குறைக்கும் என்டி 8 ஃபில்டர் ஒன்று போதும்; மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைத்து 1/8000-ஐ 1/1000-க்குக் கொண்டுவரும். இல்லாவிட்டால் காலை ஏழு மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்து ஒளி முகத்துக்கும் நல்லது.

மறுபக்கம், எல்லாம் தெளிவாக வேண்டும் என்று எஃப் 22-க்கு ஓடாதீர்கள். ஓட்டை ரொம்பச் சிறிதானால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவும், டிஃப்ராக்‌ஷன் என்பார்கள். எஃப் 16-இல் இப்படிப் பரவும் புள்ளியின் விட்டம் சுமார் 0.02 மி.மீ. ஆகிவிடுகிறது, அதாவது நாம் மேலே வைத்த வரம்பையே தொட்டுவிடுகிறது. எஃப் 22-இல் முன்னும் பின்னும் எல்லாமே சமமாக, லேசாக மங்கியிருக்கும். ஏபிஎஸ்-சியில் நான் எஃப் 11-இல் நின்றுகொள்வேன். தவிர்க்கவே முடியாவிட்டால்தான் 16.

அப்புறம் காற்று. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பக்கம் எதுவும் அசையாமல் நிற்காது. பனை ஓலை ஆடும், நங்கூரம் போட்ட வள்ளம் ஆடும், ட்ரைபாடே ஆடும். சாயங்காலம் எஃப் 11 வைத்தால் ஷட்டர் 1/15-க்கு இறங்கிவிடும், வள்ளம் அசைந்து மங்கும், பார்ப்பவர் ஆழம் போதவில்லை என்று நினைப்பார். ஐஎஸ்ஓவை 800 வரை தாராளமாக ஏற்றுங்கள். கொஞ்சம் நாய்ஸ் வந்தால் வரட்டும்.

குடும்பப் படத்துக்கு ஒரு வார்த்தை. அக்னி தீர்த்தக் கரையில் தாத்தா பாட்டி முன்வரிசை, சித்தப்பா அத்தைகள் நடுவரிசை, பிள்ளைகள் பின்வரிசை என்று நிற்கிறார்கள், வரிசைகள் 4 மீட்டரிலிருந்து 5.5 மீட்டர் வரை. 35 மி.மீ., எஃப் 1.8, முன்வரிசையில் ஃபோகஸ் என்றால் தெளிவு 4.5 மீட்டரோடு முடிந்துவிடும், நடுவரிசையே அம்பேல். எஃப் 5.6 வைத்து முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால், நாலரை மீட்டர் அளவில் ஃபோகஸ் வைத்தால் 3.2 முதல் 7.6 வரை தெளிவு. அத்தனை பேரும் உள்ளே.

படி 5: ஃபோகஸை எங்கே வைப்பது

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் பவளப்பாறைக் கற்களால் கட்டியவை. கிட்டப்போய்ப் பார்த்தால் கல்லில் பூப்பூவாக, குழிகுழியாக பவளத்தின் அச்சு அப்படியே இருக்கும். அந்தக் கல்லும் தெரிய வேண்டும், பின்னால் இடிந்த சுவரும் வானமும் தெரிய வேண்டும். முன் கல் 1 மீட்டரில், கடைசி என்பது முடிவிலி. இங்கேதான் ஹைப்பர்ஃபோக்கல் தூரம் கைகொடுக்கும்.

ஃபோக்கல் லெங்த்தின் வர்க்கத்தை, எஃப் எண்ணையும் அந்த 0.02-ஐயும் பெருக்கி வந்ததால் வகுத்தால் மில்லிமீட்டரில் ஒரு தூரம் கிடைக்கும். 18 மி.மீ., எஃப் 8: 324-ஐ 0.16-ஆல் வகுத்தால் 2025, அதாவது சுமார் 2 மீட்டர். அந்த 2 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் அதில் பாதித் தூரமான 1 மீட்டரிலிருந்து முடிவிலி வரை தெளிவு. எஃப் 11 என்றால் ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ், 75 செ.மீ.யிலிருந்து தெளிவு. பெரும்பாலானவர்கள் லேண்ட்ஸ்கேப் என்றதும் அடிவானத்தில் ஃபோகஸ் வைத்துவிடுகிறார்கள்; அப்போது தெளிவு 2 மீட்டரில்தான் தொடங்கும், முன் கல் போய்விடும்.

செய்முறை இது. 2 மீட்டர் தூரத்தில் கிடக்கும் ஏதாவது ஒரு கல்லில் ஆட்டோஃபோகஸ் வையுங்கள். லென்ஸை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்கு) மாற்றுங்கள். அதன்பின் ஃபோகஸ் வளையத்தையோ ஜூமையோ தொடாமல் ஃபிரேமை அமைத்து எடுங்கள். தூரம் குத்துமதிப்பாக இருந்தால் போதும், கொஞ்சம் அதிகப் பக்கம் தவறினால் பாதகமில்லை. குறைந்துபோனால்தான் அடிவானம் மங்கும்.

ஒரு எச்சரிக்கை. ஹைப்பர்ஃபோக்கலில் முடிவிலி என்பது பாஸ் மார்க் வாங்கிய தெளிவுதான். தூரத்துக் கலங்கரை விளக்கமோ படகுகளோ படத்துக்கு முக்கியம் என்றால், எஃப் 8-க்கான தூரத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டு எஃப் 11-இல் எடுங்கள். பெரிய பிரிண்டில் வித்தியாசம் தெரியும்.

ஃபோகஸ் புள்ளிக்கு முன்னால் மூன்றில் ஒரு பங்கு, பின்னால் இரண்டு பங்கு தெளிவு என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹைப்பர்ஃபோக்கல் தூரத்தின் மூன்றில் ஒரு பங்கில் ஃபோகஸ் வைக்கும்போது மட்டும்தான் அது சரி. அருகில் எடுக்கும்போது முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சமம். ஹைப்பர்ஃபோக்கலிலேயே வைத்தால் பின்னால் எல்லையே இல்லை. அந்த விதியை மறந்துவிடலாம்.

எல்லாமே தூரத்தில் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். கரையிலிருந்து 200 மீட்டர் தள்ளி பாம்பன் பாலம், முன்னால் வெறும் தண்ணீர். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இலேயே வைத்து பாலத்தில் ஃபோகஸ் செய்தாலும் சுமார் 50 மீட்டரிலிருந்து முடிவிலி வரை தெளிவு. எஃப் 11 வைத்து ஆழத்தில் நீங்கள் சம்பாதிப்பது ஒன்றுமில்லை. லென்ஸ்கள் பெரும்பாலும் எஃப் 5.6 முதல் 8 வரை நன்றாக வேலை செய்யும் என்பதால் அங்கே வையுங்கள், போதும். இடையில் கம்பி வேலியோ கைப்பிடியோ மறித்தால் நேர்மாறு: லென்ஸை கம்பிக்கு ஒட்டினாற்போல வைத்து எஃப் எண்ணைச் சிறிதாக்குங்கள், கம்பி காணாமல் போகும்.

இன்னொன்று, டிஎஸ்எல்ஆர் வ்யூஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது எப்போதும் லென்ஸின் மிகப் பெரிய ஓட்டையில் தெரியும் காட்சி. எஃப் 11 வைத்தாலும் கண்ணுக்கு எஃப் 1.8 தான் தெரியும். பல கேமராக்களில் லென்ஸ் மாட்டும் இடத்துக்கு அருகே டெப்த் ஆஃப் ஃபீல்டு ப்ரிவ்யூ பட்டன் இருக்கும், அழுத்தினால் காட்சி இருட்டாகும், ஆனால் உண்மையான ஆழம் தெரியும். மிரர்லெஸ்ஸில் மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் கேமராவில் எப்படி என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூநாரைகளும் நண்டும்

குளிர்காலத்தில் கோதண்டராமர் கோயில் பக்கமும் தனுஷ்கோடி சாலையோர நீர்ப்பரப்பிலும் பூநாரைகள் வந்து நிற்கும். கையில் இருப்பது 55-250 கிட் ஜூம் என்று வைத்துக்கொள்வோம். 250 மி.மீ., எஃப் 5.6, 30 மீட்டர் தூரம்: ஆழம் சுமார் 3.2 மீட்டர். ஒரு பறவைக்குத் தாராளம், கூட்டத்துக்குப் போதாது. எஃப் எண்ணை ஏற்றினால் ஷட்டர் இறங்கும், பறவை அசையும். அதைவிட, கரையோரமாகவே பக்கவாட்டில் நடந்து, கூட்டத்தின் வரிசை உங்கள் கேமராவுக்கு இணையாக வரும் இடத்தில் நில்லுங்கள். அதே 3 மீட்டருக்குள் இருபது பறவைகள் அடங்கும். நெருங்கிப் போக ஆசைப்படாதீர்கள், ஒன்று தலையை நிமிர்த்தினால் மொத்தக் கூட்டமும் பறந்துவிடும், அவற்றுக்கும் மேய்ச்சல் கெடும்.

மணலில் படுத்துக்கொண்டு எடுப்பது இங்கே அற்புதமாக வரும். லென்ஸ் தரையை ஒட்டியிருக்கும்போது முன்மணலும் பின்தண்ணீரும் இரண்டு மங்கல் பட்டைகளாகி, நடுவில் பறவை நிற்கும் மெல்லிய கோடு மட்டும் தெளிவாக இருக்கும். எழுந்து நின்று எடுத்தால் பறவைக்குப் பின்னால் அதற்கு அடுத்தாற்போலிருக்கும் சேறுதான் வரும், அது அருகிலேயே இருப்பதால் மங்காது.

வளை தோண்டும் சின்ன மணல் நண்டை மேக்ரோ லென்ஸில் எடுப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். பாதி உருவளவில் (சென்சாரில் நண்டு அதன் உண்மை அளவில் பாதியாக விழும்போது) எஃப் 8-இல் ஆழம் 2 மி.மீ., முழு உருவளவில் 0.6 மி.மீ.யும் கொஞ்சமும். காம்பு மேல் நிற்கும் கண்கள் இரண்டும் சென்சாருக்கு இணையாக வரும் நொடிக்குக் காத்திருப்பதுதான் வழி. அசையாத சிப்பி, சங்கு என்றால் ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படம் எடுத்து கம்ப்யூட்டரில் ஒன்றாக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்யலாம். நண்டு அதற்கெல்லாம் நிற்காது.

போனில் எடுப்பவர்களுக்கு

போன் கேமராவின் உண்மையான ஃபோக்கல் லெங்த் பெரும்பாலும் 5 முதல் 7 மி.மீ.க்குள்தான். அதனால் எஃப் 1.8 என்று பெருமையாக எழுதியிருந்தாலும் இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் எல்லாமே ஏறக்குறைய தெளிவு. லேண்ட்ஸ்கேப்புக்கு இது வரம். போர்ட்ரெய்ட் மோடில் வரும் மங்கல் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது. காற்றில் பறக்கும் முடி, வலைக் கண்கள், கண்ணாடி ஃபிரேம் இவற்றின் ஓரத்தில் அது தடுமாறும். மங்கலின் அளவைப் பாதிக்குக் குறைத்து வைத்தால் அந்தத் தடுமாற்றம் அவ்வளவாகத் தெரியாது, பின்னால் படகு என்று ஒன்று இருந்ததும் தெரியும்.

சாப்பாட்டுத் தட்டைக் கிட்டத்தில் எடுக்கும்போது மட்டும் புதிய பெரிய சென்சார் போன்களில் ஆழம் குறைந்துவிடும், வறுத்த மீனின் தலை தெளிவாக, வால் மங்கலாக வரும். போனைப் பின்னால் இழுத்து 2எக்ஸ் போட்டு எடுங்கள். படி 2-இல் சொன்னதேதான்.

ஒரு காலைப் பயிற்சி

கரையில் உலர்த்தியிருக்கும் வலையின் மேல்கயிற்றில் மிதவைகள் வரிசையாக, ஒரே இடைவெளியில் கோத்திருக்கும். இயற்கையாகவே கிடைத்த அளவுகோல். வலைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கயிறு உங்களிடமிருந்து நேராக விலகிப் போகும்படி உட்காருங்கள். 50 மி.மீ. லென்ஸ், ஒன்றரை மீட்டரில் இருக்கும் மிதவையில் ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிட்டு, எஃப் 1.8, 4, 8, 16 என்று நாலு படம். 1.8-இல் 6 செ.மீ., 8-இல் 28 செ.மீ., 16-இல் 57 செ.மீ. தெளிவு வர வேண்டும், எத்தனை மிதவை தேறுகிறது என்று பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். பிறகு எஃப் 4-இலேயே வைத்துக்கொண்டு 1 மீட்டர், 2 மீட்டர், 4 மீட்டர் என்று பின்னால் போய் எடுங்கள். கடைசியாக எண்ணைத் தொடாமல் ஃபோகஸை மட்டும் முதல் மிதவை, நடு மிதவை, கடைசி மிதவை என்று மாற்றுங்கள். இதைச் செய்தவர்களுக்கு ஆப் எதுவும் தேவைப்படாது.

மங்கலுக்கெல்லாம் ஆழம் காரணமல்ல

படம் மங்கலாக வந்தால் உடனே எஃப் எண்ணைக் குற்றம் சொல்லாதீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்காவது ஓரிடத்தில், காதிலோ முன்மணலிலோ, கத்தி மாதிரித் தெளிவு இருந்தால் ஃபோகஸ் இடம் மாறியிருக்கிறது. எல்லா இடமும் ஒரே திசையில் இழுத்தாற்போல் இருந்தால் கை ஆடியிருக்கிறது. ஆள் மட்டும் இழுத்து, பின்னால் சுவர் தெளிவு என்றால் ஷட்டர் போதவில்லை. மத்தியான வெயிலில் நீள லென்ஸில் எடுத்த தூரத்துப் படகு நீருக்கடியில் இருப்பதுபோல் நெளிந்திருந்தால் அது மணலிலிருந்து எழும் அனல். எந்த லென்ஸாலும் சரியாகாது, மறுநாள் விடியற்காலையில் வாருங்கள்.

படம் முழுக்கவே பால் ஊற்றினாற்போல் வெளிறி, எங்குமே தெளிவில்லை என்றால் லென்ஸின் முன்கண்ணாடியைப் பாருங்கள். அரிச்சல்முனையில் அரைமணி நேரம் நின்றாலே உப்புப் படலம் ஏறிவிடும். ஊதுபந்தால் மணலை முதலில் ஊதி விரட்டிவிட்டு, லேசாக ஈரமாக்கிய லென்ஸ் துணியால் உப்பைக் கரைத்து எடுத்து, காய்ந்த துணியால் முடியுங்கள். சட்டை நுனியால் மட்டும் துடைக்காதீர்கள், அதில் எப்படியும் மணல் இருக்கும்.